புருஷன் செத்தால் விசாவும் சாகணுமா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் உண்மை அது இல்லை. இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. கோபத்தில் எழுதினால் திட்டாகத்தான் வரும். சரி, இன்றைக்குத் திட்டாகவே வரட்டும்.

சில மாதங்களுக்கு முன்னால் என் பள்ளித் தோழன் ஒருவன் இங்கே நியூஜெர்சியில் செத்துப்போனான். வயது 41. ராபர்ட்சன்பேட்டையில் என்னோடு வாடகை சைக்கிள் ஓட்டிப் பழகியவன். வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலி என்றான். சனிக்கிழமை விடியும்போது ஆள் இல்லை. எச்-1பியில் வந்து 11 வருடம். ஐ-140 ஒப்புதலாகி 8 வருடம். கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தான். மனைவி எச்-4. இங்கே பிறந்த ஒரு பெண் குழந்தை, 6 வயது.

மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணா, நான் இங்க இருக்கலாமா, கிளம்பணுமா? யாராவது வக்கீலைக் கேட்டு அதை மட்டும் சொல்லுங்க. அழறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு."

இந்தக் கேள்வியை நான் வேறு விதத்தில் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் எங்க ஊருக்குப் போய்விட்டு வருவோம்.

எங்க ஊர் கோலார் தங்க வயல். (2018ல் வந்த சினிமாவில் பார்த்த ஊர் இல்லீங்க. இது நிஜ ஊர். இங்கே யாரும் துப்பாக்கியோடு ஸ்லோமோஷனில் நடக்க மாட்டார்கள்.) 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எங்கள் முப்பாட்டன்மார் பஞ்சம் பிழைக்க மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். பூமிக்குள்ளே பாறை வெடித்தால் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். உடனே பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். கேஜ் மேலே வரும் வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

வீடு வேலைக்குச் சேர்ந்தது, வேலை ஆளுக்குச் சேர்ந்தது. உலகத்தில் பல சுரங்க ஊர்களில் இதுதான் ஏற்பாடு. எங்க பாட்டி சொல்லும்: "தாலி போற அன்னிக்கே கூரையும் போவும்னா, பொம்பள எதுக்குன்னு முதல்ல அழுவா?"

பாட்டி கேட்ட அதே கேள்விதான், நியூஜெர்சியில் வேறு பாஷையில் கேட்டது. அங்கே லைன் வீடு, இங்கே எச்-4. இரண்டுமே இன்னொருத்தர் மூச்சில் தொங்கும் கூரை.

என் வாதம் இதுதான். ஒரு நாடு ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வரி வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட பிறகு, சம்பாதித்தவர் செத்த ஒரே காரணத்துக்காக மிச்சப் பேரை வெளியே போகச் சொல்வது சட்டத்தின் இயல்பு இல்லை. அது சட்டம் எழுதியவர்களின் சோம்பேறித்தனம். அதை மாற்ற முடியும். பாதி மாற்றியும் இருக்கிறார்கள். அந்தப் பாதிக் கதையை முதலில் பார்ப்போம்.

அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்தவருக்கே 2009 வரைக்கும் இந்த அநியாயம் இருந்தது. கல்யாணமாகி 2 வருடம் நிறைவதற்குள், மனு முடிவாகாத நிலையில் குடிமகன் செத்துவிட்டால், மனுவும் செத்தது என்று அரசு சொல்லும். "விதவைத் தண்டனை" என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். செத்தது புருஷன், தண்டனை பொண்டாட்டிக்கு.

ஒசெரிட்டா ராபின்சன் என்று ஒரு ஜமைக்காப் பெண். 2003 பிப்ரவரியில் கல்யாணம். கணவர் குடிமகன், மனுவும் போட்டாகிவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 15ந் தேதி ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி படகுத்துறையில் மோதி 11 பேர் செத்தார்கள். அதில் அவர் கணவரும் ஒருவர். கல்யாணமாகி 8 மாதம். "நீ இப்போது யாருடைய மனைவியும் இல்லை, அதனால் மனு செல்லாது" என்பது அரசின் வாதம். 2007ல் நியூஜெர்சி நீதிமன்றத்தில் அந்தப் பெண் ஜெயித்தார். 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தோற்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேற்குக் கரை மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006லேயே ஃப்ரீமன் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணின் வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கணவர் கார் விபத்தில் போயிருந்தார். செத்த பிறகும் மனைவி மனைவிதான் என்றது அந்த நீதிமன்றம். அதாவது ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வார்த்தை. கலிஃபோர்னியாவில் அவள் மனைவி. நியூஜெர்சியில் மனைவி இல்லை. ஹூம்.

2009 அக்டோபர் 28ந் தேதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் இந்த 2 வருட நிபந்தனையை எடுத்தார்கள். பட்ஜெட் ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்றின் நடுவில் சில பத்திகள், அவ்வளவுதான். இப்போது குடிமகனின் விதவையோ, மனைவியை இழந்த கணவரோ, கல்யாணமாகி எத்தனை நாள் ஆகியிருந்தாலும், இறந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தானே தனக்காக ஐ-360 மனு போடலாம். கல்யாணம் நிஜமானதாக இருக்க வேண்டும், சட்டப்படி பிரிந்திருக்கக் கூடாது. அதோடு, கிரீன் கார்டு கைக்கு வருவதற்குள் மறுமணம் செய்யக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றி அப்புறம் பேசுகிறேன், மறக்க மாட்டேன்.

ஆக, சட்டத்தை மாற்றினால் வானம் இடிந்து விழும் என்று சொன்னவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வானமும் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் யாரைப் பாதுகாக்கிறது? குடிமகனின் மனைவியை. நம்மில் எத்தனை பேர் அந்த வகை? நம்ம சனத்தில் பெரும்பாலானவர்கள் எச்-1பி, எச்-4 ஆகத்தான் காலம் தள்ளுகிறோம். வருடத்துக்கு வேலைவழி கிரீன் கார்டு சுமார் 1,40,000. அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீத உச்சவரம்பு. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. அதனால்தான் என் நண்பன் 8 வருடம் நின்றான்.

2009 சட்டம் இந்த வரிசைக்காரர்களின் குடும்பத்துக்கும் ஒன்று கொடுத்தது. 204(எல்) என்ற பிரிவு. ஐ-140 ஒப்புதலான பிறகோ நிலுவையில் இருக்கும்போதோ விண்ணப்பதாரர் செத்துப்போனால், அவர் மனைவியும் பிள்ளைகளும் அந்த மனுவை வைத்தே கிரீன் கார்டு கேட்கலாம். அவர் பிடித்த இடம் அவர்களுக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இப்போது கொக்கியைப் பாருங்கள். அவர் செத்த அன்று நீங்கள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், முடிவு வரும் வரை தொடர்ந்து வசிக்கவும் வேண்டும். வரிசை நகர இன்னும் பல வருடம். ஆனால் உங்கள் எச்-4 அவருடைய எச்-1பியின் நிழல். மரம் விழுந்தபின் நிழல் ஏது? எச்-4 விதவைக்கு அதுவரை தங்கவோ வேலை செய்யவோ 2009 சட்டம் ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை நின்றுபோனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்று 2017 ஜனவரியில் ஒரு விதி வந்தது. அதுவும் லே-ஆஃப் ஆனவர்களை நினைத்து எழுதியது. அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருடத் தடை. ஒரு வருடம் தாண்டினால் 10 வருடத் தடை.

புரிகிறதா மக்களே? வரிசையில் உன் இடம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் நிற்கத் தரை இல்லை. தரையை விட்டு வெளியே போனால் இடமும் போச்சு. ரேஷன் கடையில்கூட இப்படி ஒரு க்யூ நான் பார்த்ததில்லை.

இது கற்பனை இல்லை. 2017 பிப்ரவரி 22ந் தேதி கான்சாஸ் மாநிலம் ஓலேத் நகரில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா என்ற 32 வயது எஞ்சினியரை, "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்திக்கொண்டே ஒருவன் சுட்டுக் கொன்றான். கொன்றவனுக்கு 2018ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் மனைவி சுனயனா துமாலா என்ன ஆனார்? கணவரின் உடலோடு ஹைதராபாத் போனவருக்குத் திரும்பி வர வழி இல்லை என்ற நிலை. கணவரோடு சேர்த்துக் குடியேற்ற நிலையையும் அதே ராத்திரி இழந்ததாக அவரே பின்னால் சொன்னார். அந்தத் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் கெவின் யோடரும் வேறு சிலரும் தலையிட்ட பிறகு ஒரு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். "என் நாட்டை விட்டுப் போ" என்று கொலைகாரன் சொன்னதைத்தான், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில், சட்டமும் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறது.

அவருக்கு உதவி கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அது உலகமே பார்த்த சாவு. மாரடைப்பில் போனவன் மனைவிக்கு எந்த காங்கிரஸ் உறுப்பினர் வருவார்? ஈராக்கில் 2008ல் செத்த ஃபெர்ஷ்கி என்ற அமெரிக்கச் சிப்பாயின் ஜப்பானிய மனைவி ஹொட்டாரு கதையும் இப்படித்தான். தொலைபேசி வழியாகக் கல்யாணம், அதன்பின் இருவரும் சேர்ந்து வாழ்வதற்குள் அவர் போய்விட்டார், அதனால் குடியேற்றச் சட்டத்துக்கு அந்தக் கல்யாணம் செல்லாது என்றார்கள். கடைசியில் 2010 டிசம்பரில் அந்த ஒரு பெண்ணுக்காகவே தனிச் சட்டம் போட்டார்கள். ஒருத்தருக்கு ஒரு சட்டம்! சலுகை வேறு, உரிமை வேறு. பேப்பரில் படம் வந்தால் சலுகை கிடைக்கும். உரிமை என்றால் படம் வராதவருக்கும் கிடைக்க வேண்டும்.

இதைச் சொன்னால் வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

முதலாவது, "பொய்க் கல்யாணம் பெருகிடும்." கல்யாணம் நிஜமா என்று பார்க்க ஆயிரம் வழி ஏற்கனவே இருக்கிறது. கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், போட்டோ, நேர்காணல் எல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் சாவு எப்படி ஐயா மோசடிக்கு அடையாளமாகும்? கிரீன் கார்டுக்காகப் புருஷனை ஃபெர்ரி விபத்தில் சாகச் சொன்னாளா?

இரண்டாவது, "தற்காலிக விசா என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள்?" தெரிந்துதான். 11 வருடம் எந்த ஊரில் தற்காலிகம்? அவன் நிரந்தரமாக்கச் சொல்லி 8 வருடமாக வாசலில் நின்றான். உச்சவரம்பு வைத்து நிற்க வைத்தது நீங்கள். நிற்கும்போது செத்தது மட்டும் அவன் குற்றமா?

மூன்றாவது, இதைத்தான் நம்ம ஆட்களே அதிகம் சொல்கிறார்கள். "ஊருக்குப் போக வேண்டியதுதானே?" எந்த ஊருக்கு? 2001 பிப்ரவரி 28ந் தேதி எங்க சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரில் பாதி, விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறது. சயனைடு மேட்டுப் புழுதி மட்டும் இன்னும் பர்மனென்ட். போக ஆசைப்படுகிறவர் போகட்டும், அது அவர் இஷ்டம். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே முதல் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு எது ஊர்? அவள் அமெரிக்கக் குடிமகள். அவளை யாரும் போகச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவைப் போகச் சொல்லலாம். மகள் அம்மாவுக்கு மனு போட 21 வயது ஆக வேண்டும். 6 வயதுக் குழந்தை தனியாக இருந்துகொள்ளும் என்கிறார்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவனாக முடியாது. நம்ம இந்தியா எப்படி? இந்தியரையோ ஓ.சி.ஐ. அட்டைக்காரரையோ கல்யாணம் செய்த வெளிநாட்டவர் ஓ.சி.ஐ. அட்டை கேட்க, பதிவு செய்த கல்யாணம் தொடர்ந்து 2 வருடம் நீடித்திருக்க வேண்டும் என்பது 2015 திருத்தத்திலிருந்து சட்டம். அதே 2 வருடம். அமெரிக்கா தூக்கிப் போட்ட அளவுகோலை நாம் பொறுக்கி வைத்திருக்கிறோம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு ஐரோப்பாவைப் பாருங்கள். வேறொரு உறுப்பு நாட்டில் வாழும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் இறந்தால், அங்கே அவரோடு ஒரு வருடமாவது குடும்பமாக வசித்தவர், வெளிநாட்டவராகவே இருந்தாலும், தங்கும் உரிமையை இழப்பதில்லை. 2004ஆம் வருடத்து உத்தரவு அது. பிரிட்டனில் குடிமகனின் வாழ்க்கைத் துணையாக விசாவில் இருப்பவர், அவர் இறந்துவிட்டால் மிச்ச வருடங்களை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நேராக நிரந்தரத் தங்குரிமை கேட்கலாம். அங்கேயும் ஆயிரம் கெடுபிடி உண்டு. ஆனால் சாவு என்று ஒன்று உண்டு என்பதையாவது சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு ஏன், வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவிலேயே 1923ல், வேலையில் செத்த தொழிலாளியின் மனைவிக்கு நட்டஈடு அவளுடைய பாத்தியதை என்று சட்டம் வந்துவிட்டது.

என்ன கேட்கிறேன்? மூன்றே விஷயம்.

ஒன்று, ஐ-140 ஒப்புதலாகியிருந்தால், வரிசை வரும் வரை விதவைக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே தங்கவும் வேலை செய்யவும் உரிமை. வரிசையில் இடம் கொடுத்தவன் நிற்கத் தரையும் கொடுக்கட்டும்.

இரண்டு, ஐ-140 இல்லாதவருக்கும் குறைந்தது 2 வருடம். குடிமகனின் விதவை மனு போடவே 2 வருடம் கொடுத்திருக்கிறீர்கள். துக்கத்துக்கு அந்த அளவு நேரம் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

மூன்று, மறுமணம் செய்தால் மனு போச்சு என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும். விதவை விதவையாகவே இருந்து காட்டினால்தான் கார்டு என்பது எங்க ஊர்ப் பெருசுகள் திண்ணையில் உட்கார்ந்து பேசிய சட்டம். வாஷிங்டனுக்கு அது எதற்கு?

நாமும் கொஞ்சம் கண்ணாடி பார்ப்போம். சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு ஆறு கமிட்டி இருக்கிறது. எச்-1பி லாட்டரி என்றால் ராத்திரி முழுக்கப் பேசுவோம். ஆனால் இப்படி ஒரு சாவு விழுந்தால் இரண்டு நாள் இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் "பாவம், ஊருக்குப் போயிடுவா" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1930ல் கைரேகைப் பதிவு வேண்டாம் என்று எங்க ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். படிக்காத சனம். நாம் பத்து விரலையும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு, நம்ம செனட்டருக்கு ஒரு கடிதம் போடவும் பயப்படுகிறோம். குடியுரிமை வாங்கியவர்கள் நம்மில் ஏராளம், நானும் ஒருவன். ஓட்டு இருக்கிறவன் பேசாவிட்டால் எச்-4 விதவை எப்படிப் பேசுவாள்?

சட்டம் மாறும் வரை, இதையாவது இன்றைக்கே செய்யுங்கள். ஐ-140 ஒப்புதல் கடிதத்தின் நகல், ஐ-94, கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் பாஸ்வேர்டுக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை. சாவு விழுந்தால், உடலோடு விமானம் ஏறும் முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். போன பிறகு திரும்பி வரும் கதவு திறக்காமல் போகலாம். வேறு நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டுமென்றால் நாள் கடத்தாதீர்கள். குடிமகனின் துணைவர் என்றால் 2 வருடக் கெடுவை மறக்காதீர்கள். 2 வருட நிபந்தனைக் கிரீன் கார்டில் இருப்பவர், துணை இறந்துவிட்டாலும் ஐ-751 தனியாகப் போடலாம். யாராவது "எல்லாம் முடிஞ்சுது" என்றால் நம்பாதீர்கள்.

என் நண்பனின் மனைவி மாணவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்துக் காத்திருக்கிறது. பள்ளிக்கூட வேலை போய்விட்டது. வெளியே போனால் எல்லாம் போகும் என்று வக்கீல் சொன்னதால் ஊருக்குப் போகவில்லை. எரித்தது இங்கேயே. அஸ்தியை நான்தான் எடுத்துப் போனேன்.

பெங்களூரிலிருந்து சாயங்கால ரயில். வேலை முடிந்து திரும்பும் எங்க ஊர்க் கூட்டம். மடியில் அந்தப் பை. வீட்டில் அவன் அம்மா கேட்டது: "அவ ஏன்டா வரல? புருஷன் சாம்பலக்கூட எடுத்துனு வரக் கூடாதா?"

எச்-4, ஐ-140, 204(எல்) எல்லாம் எப்படிச் சொல்வது? "அம்மா, அவ இருக்கிற இடம் அவன் பேர்ல இருந்தது. இப்ப அவ வெளிய வந்தா மறுபடி உள்ள போக முடியாது" என்றேன்.

அந்த அம்மாவும் சுரங்கத் தொழிலாளி விதவைதான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது. "இன்னாடா, அங்கயும் லைன் வீடுதானா?"

ஆமாம்மா. அங்கேயும் லைன் வீடுதான்.

திரும்பி வரும்போது நெவார்க் விமான நிலையத்தில் அதிகாரி என் நீல பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு "வெல்கம் ஹோம்" என்றார். எனக்குச் சொன்ன அந்த வார்த்தையை அந்தப் பெண்ணுக்கும் யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, கோட் அடிப்பவன். மேலே சொன்னது பொதுவான விவரம். உங்கள் கதைக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள், சும்மா இருக்காதீர்கள்.